'ம்', 'ஓகேங்க', 'உங்க இஷ்டம்': மாப்பிள்ளை இப்படியே பதில் போட்டால்?

கேள்வி: எனக்கு வயது 28. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் கோபி, வேலை ஓசூரில். பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு, பேசிப் பழகட்டும் என்று பெரியவர்களே நம்பர் கொடுத்தார்கள். ஐந்து வாரமாக இரவில் வாட்ஸ்அப்பில் பேசுகிறோம். நான் நாலு வரி எழுதினால் அவரிடமிருந்து 'ம்' வரும். மிஞ்சிப்போனால் 'ஓகேங்க', 'உங்க இஷ்டம்'. கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலைக்குப் போகலாமா, அவருக்குக் கடன் ஏதும் இருக்கிறதா என்று கேட்க நினைத்தால், 'இன்டர்வியூ மாதிரி கேட்காதே, வந்த சம்பந்தம் போயிரும்' என்கிறார் அம்மா. 'பையன் கூச்ச சுபாவம்' என்கிறார் தரகர். ஆவணியில் நிச்சயம். அவருக்கு என்னைப் பிடிக்கவில்லையா, இல்லை எதையாவது மறைக்கிறாரா?

பதில்: இரண்டில் எது என்று அந்த 'ம்'மை வைத்துச் சொல்ல முடியாது. நேரில் ஒருவர் 'ம்' என்றால் அது சம்மதமா, சலிப்பா, 'மேலே சொல்லு' என்பதா என்று குரலே காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தில் அந்தக் குரல் இல்லாததால், உங்கள் பயத்தை நீங்களே அதற்குள் போட்டுப் படிக்கிறீர்கள். அவர் செகண்ட் ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டு ஒற்றைக் கையால் அடிக்கிறாரோ என்னவோ. எனவே மெசேஜைக் குறையுங்கள். 'ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அரை மணி நேரம் போன்ல பேசலாமா?' என்று கேளுங்கள். நாள், நேரம் இரண்டையும் சொல்லிக் கேளுங்கள். 'ஃப்ரீயா இருக்கும்போது கூப்பிடுங்க' என்றால் அந்த ஃப்ரீ வரவே வராது. மூன்று ஞாயிறு கேட்டும் மூன்றுக்கும் சாக்கு வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

அடுத்தது, கேட்கிற விதம். 'கடன் ஏதாவது இருக்கா?' என்று கேட்டால் 'இல்லைங்க' என்றுதான் பதில் வரும். இருப்பவரும் அதைத்தான் சொல்வார். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'எனக்கு ஸ்கூட்டி லோன் மாசம் 3,200 போகுதுங்க. உங்களுக்குச் சம்பளம் வந்த அன்னைக்கே என்னென்ன போயிடும்?' முதலில் உங்கள் கணக்கைச் சொல்லிவிட்டீர்கள், அதனால் அது இன்டர்வியூ ஆகாது. 'இல்லை' என்று ஒரே சொல்லில் முடிக்கவும் வழியில்லை. ஆர்தர் ஆரோன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களை ஜோடியாக உட்காரவைத்து 36 கேள்விகளைக் கொடுத்தார். எளிதான கேள்வியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகப் போக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இருவரும் பதில் சொல்ல வேண்டும். முக்கால் மணி நேரத்தில், சும்மா அரட்டையடித்த ஜோடிகளைவிட இவர்கள் நெருக்கமாக உணர்ந்தார்கள். அவருடைய கேள்விகள் உங்களுக்கு வேண்டாம், அந்த முறை போதும். 'உங்க வீட்ல கடைசியா எதுக்குச் சண்டை வந்துச்சு, யார் முதல்ல பேசினாங்க?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். 'கோபம் வருமா?' என்று நூறு தடவை கேட்டாலும் கிடைக்காத விஷயம் அதில் கிடைக்கும்.

'ங்க' போட்டுப் பேசுகிறார், மரியாதையான பையன் என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். உங்கள் பக்கம் கைக்குழந்தைக்கும் 'ங்க' உண்டு. நேரில் சந்திக்கும்போது ஓட்டலில் தண்ணீர் வைக்கிற பையனிடம், பார்க்கிங்கில் வண்டியை நகர்த்தச் சொல்கிறவரிடம் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். அதே மாதிரி, 'பார்க்கலாம்', 'வீட்ல கேட்டுச் சொல்றேன்' என்பதையெல்லாம் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் 'வேண்டாம்' என்று சொல்லச் சங்கடப்படுகிறவர்கள் சொல்கிற வார்த்தைகள் அவை. வேலைக்குப் போவதைப் பற்றிக் கேட்டு 'உங்க இஷ்டம்' என்று பதில் வந்தால், அத்தோடு விடாமல், 'ஓசூர்ல வேலை தேடட்டுமா, இல்லை ஒரு வருஷம் திருப்பூர்லயே இருக்கட்டுமா?' என்று கேளுங்கள்.

இப்போது தரகருக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது மாப்பிள்ளையின் 'ம்' இல்லை, தரகரின் 'கூச்ச சுபாவம்'தான். அவருக்குக் கல்யாணம் நடந்தால்தான் கமிஷன். மாப்பிள்ளையின் சுபாவத்தை உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் வேலையை அவரிடம் யார் கொடுத்தது? என்னிடம் வந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். 'கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலையை விட்டுடும்' என்று மாப்பிள்ளை வீட்டில் தரகர் சொல்லியிருக்கிறார். 'பையன் கோயமுத்தூருக்கு மாற்றல் வாங்கிட்டு வந்துடுவார்' என்று பெண் வீட்டில் சொல்லியிருக்கிறார். இரண்டுமே அவர் கற்பனை. அந்த இருவரும் நாலு மாதம் தினமும் வாட்ஸ்அப்பில் பேசியவர்கள்! சாப்பிட்டாச்சா, தூங்கியாச்சா, குட்நைட் என்று ஓடிய நாலு மாதத்தில் இந்த ஒரு விஷயம் வரவே இல்லை. கல்யாணமான எட்டாம் மாதம் என் ஆபீஸில் தனித்தனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். காசு வாங்காத தரகர்களும் உண்டு. சின்ன மாமா, சித்தப்பாவின் சகலை என்று ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார், 'அதெல்லாம் நான் பேசிட்டேன்' என்பார். அவர் பேசியது எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

'சரிபார்த்தாச்சு' என்று மேட்ரிமோனி தளம் போடுகிற பச்சை டிக்கையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 2016-ல் மத்திய அரசு இந்தத் தளங்களுக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டு, பதிவு செய்கிறவர்களிடம் அடையாளச் சான்று வாங்கச் சொன்னது. அடையாளச் சான்றில் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும். சம்பளமும் கடனும் அதில் இருக்காது.

பொதுவாக, பழகுகிற காலத்தில் ஆவணம் கேட்காதீர்கள், பேசுங்கள் என்பேன். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் கடிதத்தில் அது இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், இதில் ஏமாந்தவர்களை அத்தனை பார்த்துவிட்டேன். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணமாகியிருந்தால், 'டைவர்ஸ் ஆயிடுச்சு' என்ற வாய்வார்த்தையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதையே டைவர்ஸ் என்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பாண்டு பேப்பரில் எழுதி வாங்கியதை டைவர்ஸ் என்கிறார்கள். இருவரும் சேர்ந்து மனு போட்டுவிட்டு, பாதியில் நிற்பதையும் அப்படியே சொல்கிறார்கள். நீதிமன்ற முத்திரையுள்ள தீர்ப்பாணை நகலை நீங்களே கண்ணால் பார்க்க வேண்டும். அது 'ஒருதலைப்பட்சத் தீர்ப்பு' என்றால், அதாவது எதிர்த்தரப்பு வராமலே கிடைத்தது என்றால், இன்னும் கவனம். எனக்குச் சம்மனே வரவில்லை என்று அந்த முதல் மனைவி பிறகு வந்து தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். தீர்ப்புத் தேதியையும் பாருங்கள். மேல்முறையீட்டுக்கு இந்து திருமணச் சட்டம் 90 நாள் தருகிறது, அது முடியும் முன் தேதி குறிக்கவே வேண்டாம். முதல் திருமணம் சட்டப்படி முடியவில்லை என்றால் இரண்டாவது செல்லாது. மறைத்துக் கட்டியவருக்குச் சிறைத் தண்டனை உண்டு, ஆனால் அதனால் உங்கள் கல்யாணம் செல்லுபடியாகிவிடாது. ஆகவே இதை மாப்பிள்ளையிடமே நேராகக் கேளுங்கள்: 'தீர்ப்பு நகல் ஒண்ணு அனுப்பறீங்களா?' உண்மையிலேயே தீர்ப்பு வாங்கியவர் இதற்குக் கோபப்பட மாட்டார். அதை வாங்க அவர் எத்தனை வாய்தா அலைந்தார் என்று அவரே சொல்லத் தொடங்கிவிடுவார்.

'பின்னால் பொய் என்று தெரிந்தால் கோர்ட் இருக்கே' என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லலாம். இருக்கிறது. முக்கியமான விஷயத்தில் ஏமாற்றிச் சம்மதம் வாங்கியிருந்தால் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம், ஏமாற்று தெரிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள். தெரிந்த பிறகும் மனமொத்துச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு முதலில் ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும், மனு போட்ட பிறகு ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்குகளில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கும் தனி மனு, அந்த மனுவுக்கும் ஒரு வாய்தா. காலை பத்தரைக்கு வந்து, மதியம் வரை பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்த தேதி வாங்கிக்கொண்டு போகிற பெண்களைத் தினமும் பார்க்கிறேன். கவுன்சலிங் அறையில்தான் பலர் முதல்முறையாக ஒருவரையொருவர் கேட்கிறார்கள், 'இதை ஏன் அப்பவே சொல்லலை?' என்று.

அப்புறம், வாட்ஸ்அப்பில் பேசியதை அழிக்காதீர்கள். மெசேஜ் தானாக மறையும்படி செட்டிங் வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். அவர் வைத்திருந்தால் ஏன் என்று சாதாரணமாகக் கேளுங்கள்.

இந்த ஞாயிறே தொடங்குங்கள். முதல் நாள் ஸ்கூட்டி லோன், இரண்டாவது வாரம் ஓசூர் வேலை, மூன்றாவது வாரம் இரண்டு வீட்டாருக்கும் சொல்லிவிட்டு ஈரோட்டில் ஏதாவது ஒரு ஓட்டலில் நேரில். தரகரிடம் எதையும் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அவர் அங்கே போய்ச் சொல்லிக்கொடுத்துவிடுவார்.