புது பேஸ் கிட்டார் கைக்குப் பழக: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சொல்லிச் செஞ்ச ஐந்து கம்பி பேஸ் மார்கழியில கைக்கு வந்துச்சுங்க. அப்ப ஒரு குறையும் இல்லீங்க. சித்திரை பொறந்ததும் முதல் நாலஞ்சு ஃப்ரெட்டுல கம்பி இரையுது. செஞ்சவருக்கே திருப்பி அனுப்பிரட்டுங்களா? (கோபிசெட்டிபாளையம்)

பதில்: அனுப்ப வேண்டாம். புது நெக், அதாவது ஃப்ரெட் எனும் உலோகப் பட்டைகள் பதித்த நீண்ட மரக் கழுத்து, முதல் வருஷம் பருவத்துக்குப் பருவம் அசையும். மார்கழிப் பனி, சித்திரை வெக்கை, ஆனியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்று மூன்றையும் மரம் ஒருமுறை பார்த்தாக வேண்டும். எந்தப் பக்கம் வளையும் என்பது நெக்குக்கு நெக்கு மாறும். அதனால் ஊகிக்காமல் அளந்து பாருங்கள்.

முதலில் சுருதி சேருங்கள். தளர்ந்த கம்பியில் எடுத்த அளவு செல்லாது. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் நடுக்கம்பியை அழுத்துங்கள். 7, 8ஆம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி 0.25 முதல் 0.35 மி.மீ. இருக்க வேண்டும். இதை அளக்கும் ஃபீலர் கேஜுக்கு இசைக்கருவிக் கடை தேட வேண்டியதில்லை. கோவையில் லேத் பட்டறைச் சாமான் விற்கும் கடையிலேயே கிடைக்கும்.

உங்களுக்கு அந்த இடைவெளி அநேகமாக மிகக் குறைந்திருக்கும். கீழ் ஃப்ரெட்டுகளில் மட்டும் இரைவது அதற்குத்தான் அடையாளம். ட்ரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும், வளைவைத் திருத்தும் உலோகத் தண்டு) இடப்பக்கமாக, அதாவது தளர்த்தும் பக்கமாக, கால் சுற்று திருப்புங்கள். அதற்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். மறுபடி சுருதி சேர்த்து, ஓர் இரவு விட்டு, மறுநாள் அளந்து பாருங்கள். அதைத் திருப்பும் சாவி என்ன அளவு என்று செய்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 1/8 அங்குலக் குழியில் 3 மி.மீ. ஆலன் கீ போகும், ஆனால் வழுக்கும். குழி வட்டமாகத் தேய்ந்துவிட்டால் அந்த நெக்கைச் சீராக்குவது பெரும்பாடு. முறுக்கும்போது கை கனத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இது முடிந்த பிறகுதான் கம்பி உயரம். 12ஆம் ஃப்ரெட்டில் B கம்பிக்கு 2.5 மி.மீ., G கம்பிக்கு 2 மி.மீ. வைத்துத் தொடங்குங்கள். கடைசியாக இன்டொனேஷன், அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது: 12ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் சுரம்) அதே இடத்தில் அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலை (உடல் பக்கம் கம்பி தங்கும் துண்டு) பின்னுக்கும், இறங்கியிருந்தால் நெக் பக்கமாகவும் நகர்த்துங்கள். இந்த வரிசை மாறினால் ஒன்றைச் சரிசெய்ய மற்றொன்று கெடும். முதலில் கம்பி உயரத்தைத் தூக்கி இரைச்சலை மறைத்துவிட்டு, நாலு மாதம் விரல் நோக வாசிப்பவர்கள் நிறைய.

ஆம்ப்ளிஃபையரில் கேட்காமல் வெறும் காதுக்கு மட்டும் கேட்கும் லேசான இரைச்சலை விட்டுவிடலாம். திறந்த கம்பியில் மட்டும் இரைந்தால் சந்தேகம் நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பி தங்கும் பள்ளமுள்ள துண்டு) மேல். அதற்குச் செய்தவர் கைதான் வேண்டும்.

நெக்கின் ஓரத்தையும் தடவிப் பாருங்கள். ஃப்ரெட் முனை குத்தினால், மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது. முனைகளை அராவ வேண்டுமானால் இந்த வறட்சியிலேயே அராவுங்கள். ஆடியில் மரம் உப்பிவிட்டால் குத்தும் முனை உள்ளே மறைந்துகொள்ளும், அடுத்த பங்குனியில் திரும்பவும் வரும்.

கேள்வி: பழைய பேஸ் 34 அங்குல நான்கு கம்பி. புதுசு 35 அங்குல ஐந்து கம்பி. இடது கை எட்டவில்லை. வாசிக்கும்போது B கம்பி தானாக அதிர்ந்து எல்லாம் குழம்புகிறது. (பொள்ளாச்சி)

பதில்: கை எட்டாததற்கு ஸ்கேலை (நட்டிலிருந்து சேடில்வரை கம்பி நீளம், அந்த 34, 35 அங்குலம்) மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நட்டிலிருந்து முதல் ஃப்ரெட்வரை தூரம் 34 அங்குலத்தில் 48.5 மி.மீ., 35 அங்குலத்தில் 49.9 மி.மீ. வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர் கூட இல்லை. நெக் அகலமானதால் கட்டைவிரல் மேலே ஏறி, மணிக்கட்டு மடங்குவதுதான் பெரும்பாலும் காரணம். கட்டைவிரலை நெக்கின் முதுகு நடுவில் வையுங்கள். ஐந்தாம் ஃப்ரெட்டுக்குக் கீழே விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்று நீட்டாமல், ஆள்காட்டி, நடு, சுண்டு விரல்களால் மூன்று ஃப்ரெட்டை மட்டும் பிடியுங்கள். டபுள் பேஸ்காரர்களின் பிடி இது. அதே கம்பி, அதே சுருதி என்றால் 35 அங்குலத்தில் இழுவிசை சுமார் 6 சதவீதம் கூடும். விரல் கனப்பதாகத் தோன்றினால் ஒரு படி மெல்லிய கம்பி போடலாம்.

B கம்பிக்கு மருந்து வலது கட்டைவிரல். அதைப் பிக்கப் (கம்பி அதிர்வை வாங்கும் காந்தப் பெட்டி) மேலேயே ஊன்றி வைக்காதீர்கள். E கம்பியில் வாசிக்கும்போது கட்டைவிரல் B மேல் படிந்திருக்கட்டும். A, D என்று நகர நகர அதுவும் கூடவே நகர்ந்து, விட்டுவந்த கம்பிகளை அமுக்க வேண்டும். தினம் பத்து நிமிஷம், மெதுவான தாளத்தில் இதை மட்டும் பழகுங்கள். பாட்டு அப்புறம்.

கேள்வி: கையை எடுத்தால் நெக் தரையைப் பார்த்துச் சாய்கிறது. (கரூர்)

பதில்: உடலைவிட நெக் கனம். மூன்று அங்குல அகலமுள்ள, உட்புறம் சொரசொரப்பான தோல் ஸ்ட்ராப் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். மீதிக்கு, நெக் முனையில் கம்பியை முறுக்கும் ட்யூனர்களை எடை குறைந்ததாக மாற்றுங்கள். ஸ்ட்ராப் மாட்டும் ஆணியை இடம் மாற்ற உடலில் துளை போடுவது கடைசி வழி.

கேள்வி: பண்டிகைக் கச்சேரியில் ஜெனரேட்டர் கரண்டில் ஒரே 'ம்ம்' சத்தம். கம்பியைத் தொட்டால் குறைகிறது. ஒருமுறை மைக்கில் உதடு பட்டபோது சுரீரென்றது. (தாராபுரம்)

பதில்: தொட்டால் சத்தம் குறைவது கோளாறு அல்ல, பிரிட்ஜ் (சேடில்கள் உட்கார்ந்திருக்கும் உலோகத் தாங்கி) வழியாகக் கம்பிகள் எர்த்தில் சேர்ந்திருக்கின்றன. ஷாக் அடித்தது வேறு விஷயம், ஆபத்தானது. ஆம்ப்ளிஃபையருக்கும் மைக் மிக்சருக்கும் எர்த் ஒன்றாக இல்லை, அல்லது யாரோ பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே எர்த் உள்ள போர்டில் செருகச் சொல்லுங்கள். அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்க வேண்டும். ஒலிபெருக்கிக்காரர் அதைச் செய்து காட்டும்வரை கிட்டாரைத் தோளில் மாட்டாதீர்கள்.