டி.டெஸ்ட்டின் உள்ளே இருக்கும் கணக்கை எப்படிப் பார்ப்பது?

கேள்வி: புள்ளியியலுக்கான ஆர் நிரல் மொழியில், அதனுடனேயே வரும் ஸ்லீப் தரவை (இரண்டு தூக்க மருந்துகளின் பலன்) வைத்து, இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் டி.டெஸ்ட் போட்டேன். குழுவுக்கு 10 எண்கள். கையால் போட்டால் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (சோதனைக்கு வேண்டிய, எண்களின் எண்ணிக்கையைச் சார்ந்த ஒரு அளவு) 18, ஆர் 17.776 என்கிறது. நிரலைப் பார்க்கலாம் என்று டி.டெஸ்ட் என மட்டும் அடித்தேன். யூஸ்மெத்தட் என்று ஒரே வரிதான் வந்தது. மீதி எங்கே?

பதில்: அடைப்புக்குறி போடாமல் பெயரை மட்டும் அடித்தது சரிதான். எஸ்டி (ஸ்டாண்டர்டு டீவியேஷன்) என்று அடித்துப் பாருங்கள், வேரியன்ஸுக்கு (எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) வர்க்கமூலம் எடுப்பது அப்படியே தெரியும். டி.டெஸ்ட் அப்படியில்லை. வரும் தரவின் வகையைப் பார்த்து, வேலையை வேறொரு ஃபங்ஷனிடம் கொடுத்துவிடும். யூஸ்மெத்தட் வரி சொல்வது அதைத்தான்.

யாரிடம் கொடுக்கிறது? மெத்தட்ஸ்(டி.டெஸ்ட்) என்று கேளுங்கள். டி.டெஸ்ட்.டிஃபால்ட், டி.டெஸ்ட்.ஃபார்முலா என்று வரும், பக்கத்தில் நட்சத்திரக் குறியோடு. பேக்கேஜுக்குள்ளேயே (ஃபங்ஷன்களின் தொகுப்பு, இங்கே ஸ்டாட்ஸ்) வைத்திருக்கிறார்கள், வெறும் பெயரை அடித்தால் கிடைக்காது என்று அர்த்தம். பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். ஸ்டாட்ஸ்:::டி.டெஸ்ட்.டிஃபால்ட் என்று மூன்று முக்காற்புள்ளி வைத்து அடியுங்கள், முழு நிரலும் வந்துவிடும். பேக்கேஜ் பெயர் தெரியாவிட்டால் கெட்எனிவேர் இருக்கிறது. ஃபங்ஷன் பெயரை மேற்கோள் குறிக்குள் கொடுங்கள், எனிவேரின் முதல் எழுத்து கேப்பிட்டல்.

நான் எந்த நிரலிலும் முதலில் படிப்பது தலைவரியைத்தான். இங்கே வார்.ஈக்வல் = ஃபால்ஸ் என்று இருக்கும். இரு குழுக்களின் வேரியன்ஸும் சமம் என்று எடுத்துக்கொள்ளாமல் வெல்ச் முறையில் போகிறது. கீழே டிஎஃப் (டிகிரி ஆஃப் ஃப்ரீடம்) வரியைப் பாருங்கள்: இரு குழுக்களின் ஸ்டாண்டர்டு எரரையும் (சராசரியில் இருக்கக்கூடிய பிழையின் அளவு) நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, ஒவ்வொன்றையும் 9ஆல் (10 − 1) வகுத்துக் கூட்டுகிறது, மொத்த ஸ்டாண்டர்டு எரரின் நான்காம் அடுக்கை அந்தத் தொகையால் வகுக்கிறது. உங்கள் 17.776 அங்கிருந்துதான் வருகிறது. வார்.ஈக்வல் = ட்ரூ கொடுத்தால் 18 வரும். (ஸ்லீப் தரவில் இரண்டு மருந்தும் அதே 10 பேருக்குத்தான் கொடுக்கப்பட்டது. ஆகவே உண்மையில் ஒரே ஆளின் இரு அளவுகளை ஜோடியாக ஒப்பிடும் பேர்டு சோதனைதான் பொருத்தம்.)

இப்படித் திரையில் வரும் நிரலில் எழுதியவரின் குறிப்புரைகள் பொதுவாக இருக்காது. அவை வேண்டுமென்றால் ஆரை விநியோகிக்கும் க்ரான் தளத்திலிருந்து ஆரின் மூலக் கோப்புகளை இறக்கிக்கொள்ளுங்கள். சம் என்று அடித்தால் ப்ரிமிட்டிவ் என்று வரும். அது சி மொழியில் எழுதியது, அதற்கும் அந்த மூலக் கோப்புகள்தான் வழி. அங்கே நேம்ஸ்.சி கோப்பை முதலில் திறங்கள். எந்த ஆர் பெயருக்கு எந்த சி ஃபங்ஷன் என்ற பட்டியல் அதில் இருக்கிறது.