மார்மன் கோயிலில் இறந்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்களாமே, எப்படி?

அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவான மார்மன் சபையின் பதிலி ஞானஸ்நானம்தான் அது. இறந்துபோன முன்னோருக்காக உயிரோடிருக்கும் உறுப்பினர் ஒருவர் தண்ணீரில் மூழ்கி எழுவார். இது உடலோடு பெறவேண்டிய சடங்கு, இறந்தவருக்கோ உடல் இல்லை; அதனால்தான் ஆள் மாற்று. வெளிநாட்டிலிருக்கும் அண்ணனுக்காகத் தம்பி பவர் பத்திரத்தை வைத்துக் கையெழுத்துப் போடுவதில்லையா, அப்படி.

நினைத்தவுடன் உள்ளே போய்விட முடியாது. உள்ளூர்ச் சபைத் தலைவரான பிஷப் பேட்டி கண்டு அனுமதிச் சீட்டு தரவேண்டும். திருமணம் போன்ற சடங்குகளுக்கு, பிஷப்புக்கு மேலுள்ள தலைவர் ஒருவரின் பேட்டியும் உண்டு. உள்ளே வெள்ளை உடை. தொட்டியை 12 காளைச் சிலைகள் தாங்கி நிற்கும். பெயரை வாசித்து முழுக்குவார்கள்; எழுந்ததும் அடுத்த பெயர். சடங்கு சட்டென முடியும், அதற்கு முந்தைய வம்சாவளித் தேடல்தான் மலைப்பானது.

இதனால் இறந்தவர் மார்மனாகிவிடுவதில்லை. ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆன்மாவின் விருப்பம் என்றே அவர்கள் நம்புகிறார்கள்.