பத்திரத்தில் 'வாய்க்காலுக்கு மேற்கு' என்றால் வாய்க்கால் எந்தப் பக்கம்? கிழமேலடி, தென்வடலடி என்பது என்ன?

வாய்க்கால் உங்கள் நிலத்துக்குக் கிழக்கே இருக்கிறது. மேற்கே இருப்பது உங்கள் நிலம். பத்திர எழுத்தர் வாய்க்காலில் நின்றுகொண்டு உங்கள் நிலத்துக்குத் திசை சொல்கிறார், அவ்வளவுதான்.

எங்கள் குடும்பத்துப் பழைய கிரயப் பத்திரங்களில் செக்குபந்தி (நான்கெல்லை விவரம்) எல்லாமே இந்தப் போக்கில்தான் இருக்கும்: "கிழமேல் பாதைக்குத் தெற்கு, தென்வடல் வாய்க்காலுக்கு மேற்கு, இன்னார் நஞ்சைக்கு வடக்கு, இன்னார் புஞ்சைக்குக் கிழக்கு, இதற்கு மத்தியில் உள்ள நிலம்." நான்கையும் திருப்பிப் போட்டால் பாதை வடக்கெல்லை, வாய்க்கால் கிழக்கெல்லை. புதுப் பத்திரங்கள் சிலவற்றில் "வடக்கில்: பொதுப்பாதை" என்று எழுதுகிறார்கள். அங்கே திருப்ப வேண்டியதில்லை, பாதையே வடக்கில்தான். 'கு'வா 'இல்'லா என்று பார்க்காமல் யாராவது ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தால் மனை தலைகீழாகிவிடும்.

கிழமேல் என்றால் கிழக்கு மேற்காக, தென்வடல் என்றால் தெற்கு வடக்காக. பாதைக்கு முன்னால் வந்தால் அது ஓடும் போக்கு. அடிக்கு முன்னால் வந்தால் அளந்த போக்கு. "கிழமேலடி 40, தென்வடலடி 60" என்றால் 2400 சதுர அடி, சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டு. ஆனால் ரோடு கிழக்கே இருந்தால் முகப்பு 40 அடி அல்ல, 60 அடி! மனை விற்பவர் இதை அவராக விளக்குவார் என்று எதிர்பார்க்காதீர்கள். "கிழமேலடி வடபுறம் 40, தென்புறம் 38" என்று இருந்தால் வடக்கு ஓரம் 40, தெற்கு ஓரம் 38. மனை சரியான செவ்வகமாக இல்லை என்று பொருள்.

(கிழக்கில் 'கீழ்', மேற்கில் 'மேல்' இருப்பது நம் நிலத்தின் சரிவால் என்பார்கள். மேற்கே மலை, கிழக்கே கடல். காவிரியும் வைகையும் அப்படித்தான் இறங்குகின்றன. மதுரையின் மேலமாசி வீதி, கீழமாசி வீதி எல்லாம் மேற்கும் கிழக்கும்தான், உயர்வு தாழ்வு அல்ல.)

தாய்ப்பத்திரத்தில் (சொத்து முன்பு கைமாறிய பழைய பத்திரத்தில்) உள்ள நான்கெல்லையை ஒரு தாளில் வரைந்து, புல வரைபடத்தோடு (நில அளவைத் துறையின் வரைபடத்தோடு) வைத்துப் பாருங்கள். அளவும் எல்லையும் முரண்பட்டால் நீதிமன்றங்கள் பொதுவாக எல்லையைத்தான் ஏற்கும். ஆகவே சதுர அடியைக் கூட்டிப் பார்க்குமுன் இந்த நான்கு வரியைப் படியுங்கள்.