பத்தாயிரம் கேம் உள்ள பெட்டி வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன மாதம் இந்தப் பகுதியில், உள்ளங்கை அளவு ராஸ்பெரி பை கணினியில் நான் பழைய வீடியோ கேம் ஆடுவதைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்து குவிந்த கடிதங்களில் வழக்கமான மிக்ஸி, வாஷிங் மெஷின் கேள்விகள் காணாமல் போய்விட்டன. ஆகவே இந்த முறை முழுக்க அதுவே. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கோபத்தில் கை வைக்கவில்லை.

பையன் பிறந்தநாளுக்கு டிவியில் செருகும் கேம் ஸ்டிக் வாங்கினேன். அட்டையில் ‘4கே, 10,000 கேம்’ என்று போட்டிருந்தது. 2,800 ரூபாய். உள்ளே மரியோ மட்டும் நாற்பது இடத்தில் இருக்கிறார். ஏமாந்துவிட்டேனா?
— புதுக்கோட்டை வாசகர்

ஏமாந்துவிட்டீர்கள். ஆனால் உங்களைத் திட்ட மாட்டேன். இந்தப் பத்தாயிரம் என்ற எண்ணின் மேல் எனக்குத் தனிப்பட்ட பகையே உண்டு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிண்டெண்டோ நிறுவனத்தின் பழைய கேம் இயந்திரமான என்இஎஸ்-க்கு அமெரிக்காவில் முறையான உரிமத்தோடு வந்த கேம்கள் 700-ஐக்கூடத் தொடவில்லை. அப்புறம் பத்தாயிரம் எங்கிருந்து வரும்? ஒரே கேமின் ஜப்பான் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு, ஐரோப்பியப் பதிப்பு, யாரோ சட்டை நிறத்தை மாற்றிய பதிப்பு, ஐந்தாம் கட்டத்திலிருந்து தொடங்கும் பதிப்பு. எல்லாவற்றுக்கும் தனித்தனி எண். தொண்ணூறுகளில் மஞ்சள் கேசட்டின் மேல் ‘999999’ என்று ஒட்டி விற்றார்களே, அதே வித்தைதான். அதில் ஆறாவது கேமுக்கு மேல் பெயர்தான் மாறும்.

அடுத்தது ‘4கே’. என்இஎஸ் வரைகிற படம் மொத்தமே 256 புள்ளி அகலம், 240 புள்ளி உயரம். ஒரு டம்ளர் பாலை அண்டாத் தண்ணீரில் ஊற்றினால் பால் கூடிவிடுமா?

பழைய இயந்திரங்களைப் போல நடிக்கும் மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். எமுலேட்டர்களைத் தொகுத்துத் தரும் ரெட்ரோபை, ரீகால்பாக்ஸ், படோசெரா, லக்கா எல்லாமே இலவசம். தங்கள் தொகுப்பை மெமரி கார்டில் ஏற்றி விற்காதீர்கள் என்று ரெட்ரோபை குழுவினரே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் சில எமுலேட்டர்களின் உரிமமும் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்றே சொல்கிறது. கேம்களும் விற்றவருடையவை அல்ல. ஆக, அவர் உண்மையில் உங்களுக்கு விற்றது ஒரு சில்லும் இரண்டு ஜாய்ஸ்டிக்கும். மிச்சம் பிடிப்பதும் அந்த ஜாய்ஸ்டிக்கில்தான்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஜோடி 350 ரூபாய்க்கு நானும் வாங்கினேன். வலது பக்கம் அழுத்தினால் ஆள் குனிவான். மூன்று வாரம் என் வயதைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், பிறகுதான் பழுது பொத்தானில் என்று தெரிந்தது. பணம் போட வேண்டிய இடம் கையில் பிடிக்கிற பொருள். 8பிட்டோ போன்ற நல்ல ஜாய்ஸ்டிக் ஒன்று வாங்கிவிட்டால் இயந்திரம் மாறினாலும் அது கூடவே வரும்.

இப்போது செய்ய வேண்டியது: திருப்பி அனுப்பும் கெடு இருந்தால் இன்றே அனுப்புங்கள். அட்டையில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு என்பது இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அதுவே தனிக் குற்றம். இணையக் கடை என்றால் அதன் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். இழுத்தடித்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

பிளேஸ்டேஷன் 2 கேம் எல்லாம் ராஸ்பெரி பை 4-ல் ஓடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
— ஓசூர் வாசகர்

ஆடுகிற வேகத்தில் ஓடாது. ஓடும் என்பவரைக் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

அப்பாவின் பழைய டப்பா டிவியில் ஆடினால்தான் அந்தக் காலத்து உணர்வு வரும் என்று பை 5 வாங்கினேன். மூன்று கலர் வயரைச் செருக இடமே இல்லை. நிறுவனத்தின் மேல் வழக்குப் போட முடியுமா?
— கோவை வாசகர்

எதற்கு வழக்கு? படத்தைப் பார்க்காமல் வாங்கியதற்கா? 2023-ல் வந்த பை 5-ல் அந்த வயரைச் செருகும் 3.5 மி.மீ. துளையை எடுத்துவிட்டார்கள். அதை யாரும் மறைக்கவும் இல்லை. பலகையில் படத்துக்கான வயரைப் பற்றவைத்துக்கொள்ள இரண்டு புள்ளிகள் இருக்கின்றன. சால்டரிங் பழக்கம் இருந்தால் முயலுங்கள். இல்லாவிட்டால் எச்டிஎம்ஐ-யை ஏவி-யாக, அதாவது உங்கள் மூன்று கலர் வயருக்கு ஏற்றபடி, மாற்றும் சின்னப் பெட்டி வாங்கி ஒப்பேற்றுங்கள்.

பை 3, பை 4 இரண்டிலும் அந்தத் துளை வழியாகவே படமும் வரும். இதைப் படித்துவிட்டு யாரும் பாய்ந்து போய்ப் பழைய வீடியோ கேமரா வயரை வாங்கிவிடாதீர்கள். பார்க்க ஒன்றுபோலவே இருந்தாலும் சிலவற்றில் உள்ளே இணைப்பின் வரிசை வேறு. படம் வர வேண்டிய இடத்தில் இரைச்சல்தான் வரும்.

ஆறு மாதம் சேர்த்த பணம் ஐயா. சமூக வலைத்தளத்தில் விற்பனைப் பக்கம் வைத்திருந்த ஒருவரிடம் 8 ஜிபி பை 5 என்று வாங்கினேன். வந்தது 2 ஜிபி. கேட்டதும் என்னை பிளாக் செய்துவிட்டார்.
— சிவகாசி, பாலிடெக்னிக் மாணவர்

தம்பி, இதில் உன் தப்பு எதுவும் இல்லை. முதலில் அவருடைய விளம்பரம், பேச்சு, பணம் போன ரசீது எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொள். பை-யை இயக்கி, நினைவகம் எவ்வளவு என்று காட்டும் திரையையும் தேதி தெரிய எடு. பிறகு தாமதிக்காமல் 1930-க்கு அழை. இணையப் பண மோசடிக்கான எண் அது, எவ்வளவு சீக்கிரம் சொல்கிறாயோ பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. பணம் அனுப்பிய செயலியிலும் வங்கியிலும் தனித்தனியாகப் புகார் செய்.

அவர் தொழிலாக விற்பவர் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 2019 சட்டப்படி நீ குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், அவர் ஊருக்கு அலைய வேண்டாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது.

ஒரு ஆறுதல்: பழைய கேம்களுக்கு 2 ஜிபி தாராளம். வழக்கு முடியும் வரை பெட்டியில் பத்திரமாக வை, முடிந்ததும் ஆடு. நானும் 2022-ல் பை தட்டுப்பாடு இருந்தபோது பொறுமை இல்லாமல் ஒரு பை 4-க்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை கொடுத்தவன்தான்.

கான்ட்ரா கேம் கேட்டேன், ஆட்களுக்குப் பதில் ரோபோக்கள் ஓடுகின்றன. போலியா?
— நாகர்கோவில் வாசகர்

போலி இல்லை. ஐரோப்பாவில் அதே கேமை 1990-ல் ‘ப்ரோபோடெக்டர்’ என்ற பெயரில் விட்டார்கள். குழந்தைகள் கையில் போகும் வன்முறைக் கேம்கள் விஷயத்தில் ஜெர்மனி கெடுபிடியாக இருந்ததால், மனிதர்களை ரோபோ ஆக்கிவிட்டார்கள். பொதுவாக ஐரோப்பியப் பதிப்புகள் நொடிக்கு 60-க்குப் பதில் 50 படம் ஓடுபவை, பலவற்றில் ஆட்டமும் பாட்டும் மந்தமாகிவிடும். அமெரிக்கப் பதிப்பைத் தேடுங்கள். 30 உயிர் தரும் ‘மேலே மேலே கீழே கீழே’ பொத்தான் வரிசை இன்னும் கைக்கு நினைவிருக்கிறதா?

இரண்டு மணி நேரம் ஆடிச் சேமித்தது, அணைத்துப் போட்டால் காணோம்.
— திருவாரூர் வாசகர்

ப்ளக்கைப் பிடுங்கினீர்கள். கேமிலிருந்து வெளியே வந்தால்தான் அது கார்டில் எழுதப்படும்.

முஸ்தபா கேம் மட்டும் திறக்கவே மாட்டேன் என்கிறது. சரிசெய்து தருவதாக ஒருவர் 500 ரூபாய் வாங்கி வேறொரு கோப்பு தந்தார். அதுவும் ஓடவில்லை.
— சேலம் வாசகர்

நம் ஊர் கேம் சென்டரில் வளர்ந்தவர்களுக்கு இது முஸ்தபா. காப்காம் நிறுவனம் 1993-ல் வெளியிட்டபோது இருந்த பெயர் ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’. நான்கு நாயகர்களில் ஒருவர் முஸ்தபா கெய்ரோ. மற்ற மூவரும் பாவம், அவர்கள் பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

கேம் சென்டரில் காசு போட்டு ஆடிய இந்த ஆர்கேட் கேம்களில் ஒரு சிக்கல் உண்டு. கோப்பும் எமுலேட்டரும் ஒரே காலத்தவையாக இருக்க வேண்டும். இவற்றை ஓட்டும் மேம் எமுலேட்டர் புதுப்பிக்கப்படும்போது, கோப்புக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்ற கணக்கும் மாறும். பை-யில் பலர் வைத்திருப்பது 2003-ன் 0.78 பதிப்பை ஒட்டியது. புதுப் பதிப்புக்கான கோப்பை அதில் போட்டால் கருப்புத் திரைதான். ‘வேறு கோப்பு’ தருகிறேன் என்பவரிடம் எந்தப் பதிப்புக்கானது என்று கேளுங்கள். விழித்தால் 500 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள்.

இன்னொன்று. எமுலேட்டர் வைத்திருப்பது சட்டப்படி சரி. ஆனால் முப்பது ஆண்டு ஆனதால் கேமின் பதிப்புரிமை போய்விடவில்லை. எங்கே தரவிறக்குவது என்று எனக்கு எழுத வேண்டாம். நேர்மையாகக் கிடைப்பவையும் இருக்கின்றன. 1994-ன் ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’ இலவசமாகவே தரப்பட்டுவிட்டது, ஸ்கம்விஎம் என்ற மென்பொருளில் ஓடும். 2019-ல் என்இஎஸ்-க்கென்றே புதிதாக எழுதப்பட்ட ‘மைக்ரோ மேஜஸ்’ மொத்தமே 40 கிலோபைட். காசு கொடுத்து வாங்கினேன். நான் வருத்தப்படாத சில வாங்கல்களில் அது ஒன்று.

திரையின் ஓரத்தில் மின்னல் படம் வருகிறது.
— காரைக்குடி வாசகர்

போன் சார்ஜரில் ஓட்டுகிறீர்கள், மின்னழுத்தம் போதவில்லை. பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர், பை 5-க்கு 5 ஆம்பியர். அதற்கென்றே விற்பதை வாங்குங்கள்.

128 ஜிபி கார்டு பாதி நிரம்பியதும் கோப்பு எல்லாம் சிதைகிறது. பை-தான் கோளாறா?
— வேலூர் வாசகர்

கார்டு போலியாக இருக்கலாம். நடைபாதையில் நான் மலிவாக வாங்கிய ‘128’ உண்மையில் 8 ஜிபி. 128 என்று பொய் சொல்லும்படி அதைத் திருத்தியிருந்தார்கள். நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் ஆற்றில் கரைத்த புளி. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவசச் சோதனைகள் இருக்கின்றன. கார்டு வாங்கிய அன்றே ஓட்டுங்கள், ரசீது கிழிவதற்குள்.

வாத்து சுடும் வீடியோ கேமின் துப்பாக்கி பரணில் கிடைத்தது. புது எல்இடி டிவியில் வேலை செய்யுமா?
— ஈரோடு வாசகர்

செய்யாது. டப்பா டிவி திரையை வரையும் விதத்தை நம்பி உருவான துப்பாக்கி அது.

நான் ஓய்வுபெற்ற வங்கி ஊழியன், வயது 64. தொண்ணூறுகளில் ஆபீஸ் கணினியில் ஆடிய ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ மட்டும் போதும். வாங்கிய ப்ளாப்பி, சின்ன அளவு, இன்னும் வைத்திருக்கிறேன். எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய்க்கு ஒரு செட் சொல்கிறார்கள். வீட்டில் பழைய லேப்டாப் ஒன்றும் இருக்கிறது.
— திருநெல்வேலி வாசகர்

12,000-ஐ வங்கியிலேயே விட்டு வையுங்கள் சார். உங்கள் லேப்டாப்பே போதும். டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் போட்டால் அந்தக் காலத்து டாஸ் கணினி கேம் அப்படியே ஓடும். ஜாய்ஸ்டிக்கும் வேண்டாம், நீங்கள் ஆடியது விசைப்பலகையில்தானே. ப்ளாப்பியிலிருந்து கேமை லேப்டாப்புக்கு எடுக்க, யுஎஸ்பி ப்ளாப்பி டிரைவ் ஒன்றை யாரிடமாவது இரவல் கேளுங்கள். ப்ளாப்பியின் உள்ளே தட்டில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பூஞ்சை, டிரைவில் விடாதீர்கள், டிரைவும் கெடும்.

என் ஆயுளில் அதிக நேரம் தின்ற கேம் அது. அதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் வைத்துப் படமெடுத்து, அதைப் பார்த்து வரைந்தது. அதனால்தான் அந்த ஆள் விளிம்பில் தடுமாறும்போது நமக்கும் வயிற்றைக் கலக்குகிறது. அதே 60 நிமிடக் கெடுதான், உங்கள் விரல் இப்போது எப்படி இருக்கிறதோ தெரியாது.

ஒன்று மட்டும். முதல் கட்டம் தாண்டியதும் எழுத்து போட்ட மருந்துக் குப்பிகள் வரும், கையேட்டைப் பார்த்துச் சரியான எழுத்தைக் குடிக்க வேண்டும். கையேடு உங்களிடம் இருக்காது. எங்கள் ஆபீஸில் ஒருவர் அத்தனை எழுத்தையும் டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். உங்கள் ஆபீஸிலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார், அவர் நம்பர் இருந்தால் கூப்பிட்டுப் பாருங்கள்.