டொனேஷனுக்கு பர்சனல் லோனா?

கேள்வி: தனியார் கம்பெனியில் வேலை. கையில் வரும் சம்பளம் 48,000 ரூபாய். இளைய மகளுக்கு கவுன்சலிங்கில் நல்ல கல்லூரியில் ஈசிஇ (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) கிடைத்திருக்கிறது. பஸ் கட்டணத்தோடு ஆண்டுக்கு 90,000 ஆகும். எங்கள் வீட்டில் இவள்தான் முதல் பட்டதாரி. ஆனால் என் மச்சான், “இனிமேல் ஏஐ, டேட்டா சயின்ஸ்தான்” என்று தெரிந்தவர் மூலம் வேறொரு கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டா பேசி வைத்திருக்கிறார். டொனேஷன் 5 லட்சம், கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம். 25,000 முன்பணம் கொடுத்தாகிவிட்டது. பர்சனல் லோன் 14 சதவீதத்துக்குக் கிடைக்கும். மூத்தவள் கல்யாணத்துக்கு மச்சான் சொல்லி வாங்கிய கடனுக்கு ஏற்கெனவே மாதம் 9,000 போகிறது. எப்படிச் சமாளிப்பது?

பதில்: சமாளிக்கவே வேண்டாம், அந்த லோனை வாங்காதீர்கள்.

5 லட்சத்துக்கு 5 வருடத் தவணை போட்டால் மாதம் 11,600-க்கு மேல் வரும். கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய 7 லட்சம். கட்டணத்தில் வித்தியாசம் நாலு வருடத்துக்கு 4.4 லட்சம். ஆக, சான்றிதழில் பிரிவின் பெயர் மாற 11 லட்சம் கொடுக்கிறீர்கள். மாதக் கணக்கும் பாருங்கள்: இரண்டு தவணை போக மிச்சம் 27,000 சொச்சம். அதில்தான் வீட்டுச் செலவு, அப்புறம் கல்லூரிக் கட்டணம்.

டொனேஷன் வாங்குவதை 1992-லேயே தமிழக அரசு சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. ரசீது தரமாட்டார்கள். மகள் பாதியில் விலகினால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? முதல் பட்டதாரி சலுகையும் கவுன்சலிங் இடத்துக்கு மட்டும்தான்.

ஏஐ மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இப்போது அது ஜவுளிக்கடை புதுவரவு மாதிரி விற்கப்படுகிறது. பாடம் நடத்த ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்று மச்சான் விசாரித்தாரா? சாஃப்ட்வேர் கம்பெனிகள் பலவும் ஈசிஇ மாணவர்களையும் எடுக்கின்றன. கோடிங் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். மகளுக்கு எது பிடிக்கும் என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, அதையும் கேளுங்கள்.

கல்யாணக் கடனும் மச்சான் சொல்லி வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வார், நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். இந்தப் பழக்கம்தான் உங்களுக்குப் பிரச்சினை. தாய்மாமனுக்கு ஆசை இருக்கலாம், தப்பில்லை. தவணை போவது உங்கள் சம்பளத்தில்.

ஈசிஇ-க்கு நாலு வருடத்துக்கும் 3.6 லட்சம் போதும். 4 லட்சம் வரை கல்விக்கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது. கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கிடையாது, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். அதை மாதாமாதம் கட்டிவிடுங்கள். 10% என்று வைத்தால் முதல் வருடம் மாதம் 750, கடைசி வருடம் 3,000. வரிச்சலுகை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் மயங்க வேண்டாம். உங்கள் சம்பளத்துக்குப் புதிய வருமான வரி முறையில் வரியே வராது.

அந்த 25,000-ஐ மச்சானையே திரும்ப வாங்கித் தரச் சொல்லுங்கள். வராவிட்டால் போகட்டும், அதைக் காப்பாற்ற மேலும் 4.75 லட்சம் போடாதீர்கள். ஒதுக்கீட்டு ஆணையில் கடைசித் தேதி இருக்கும். அதற்குள் ஈசிஇ இடத்துக்குப் பணம் கட்டிவிடுங்கள்.