சியேனா அருகே பண்ணை வீட்டில் தங்குவது: முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை

கேள்வி: செப்டம்பர் கடைசி வாரத்தில் நான், மனைவி, 11 வயது மகள், 70 வயதைக் கடந்த என் தாயார் ஆகிய நால்வரும் இத்தாலி செல்கிறோம். புளோரன்ஸில் சில நாள்கள் இருந்துவிட்டு, சியேனா நகருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டு விடுதியில் நான்கு இரவுகள் தங்கி, அங்கிருந்தே நகரைப் பார்க்க நினைக்கிறோம். கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா? அம்மாவுக்கு மூட்டு வலி உண்டு. முட்டைகூடச் சேர்க்காத சுத்த சைவம். இணையத்தில் எல்லா விடுதிகளும் ஒரே மாதிரி அழகாகத் தெரிகின்றன. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: தாராளமாகத் தங்கலாம், உங்கள் குடும்பத்துக்கு அது பொருந்தவும் செய்யும். ஆனால் கார் வேண்டும். வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நீச்சல் குளத்தையும் மலைக்காட்சியையும் இரண்டாம் இடத்தில் வைத்துவிட்டு, உங்களுக்குத் தரப்போகும் அறை வீட்டின் எந்தப் பகுதியில் இருக்கிறது, பெரிய சாலையிலிருந்து வீடு வரையிலான கடைசி இரண்டு கிலோமீட்டர் எப்படிப்பட்டது, சமையல் யார் பொறுப்பில் என்ற மூன்றையும் முதலில் விசாரியுங்கள். படங்களில் தெரியாத இந்த மூன்றும்தான் உங்கள் தாயாரின் நான்கு நாள்களைத் தீர்மானிக்கும்.

எல்லாம் ஒரே மாதிரி தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. பழைய கல் வீட்டில் நடக்கும் எந்த விடுதியும் பார்வைக்குப் பண்ணை வீடுதான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவை வேறு வேறு. 'அக்ரிதுரிஸ்மோ' (பண்ணை வீட்டு விடுதி) என்ற பெயரில் விருந்தினரை ஏற்க வேண்டுமானால், அந்த இடத்தை நடத்துபவர் உண்மையாகவே விவசாயம் செய்பவராக இருக்க வேண்டும். 1985-இல் வந்த தேசியச் சட்டத்தின் இடத்தில் 2006-ஆம் ஆண்டின் 96-ஆம் எண் சட்டம் வந்தது; விருந்தோம்பலைவிட விவசாய வேலையே மேலோங்கியிருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பத்து விருந்தினர் வரை ஏற்கும் சிறிய பண்ணைகளில் அந்த மேலோங்கல் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. பரிமாறும் உணவிலும் சொந்த விளைச்சலுக்கும் அந்த வட்டாரத்துப் பொருள்களுக்கும் முதலிடம் தர வேண்டும். 'ரெலே' என்றோ 'கன்ட்ரி ஹோட்டல்' என்றோ பெயர் வைத்திருப்பவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அவை கிராமத்தில் இருக்கும் ஹோட்டல்கள். இரவு பகலாக வரவேற்பறை, குளிர்சாதனம், சில இடங்களில் லிஃப்ட் ஆகிய வசதிகள் அங்கே கிடைக்கும். வாடகையும் அதற்கேற்ப இருக்கும். அக்ரிதுரிஸ்மோக்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை சூரியகாந்திப் பூக்கள் இட்டுத் தரம் பிரிக்கும் முறை உண்டு. அது வசதிகளைப் பற்றி ஓரளவு சொல்லுமே தவிர, மாடிப்படி எத்தனை என்று சொல்லாது.

மாடிப்படியைக் குறிப்பிடக் காரணம், அந்த வீடுகள் கட்டப்பட்ட விதம். சியேனா இருக்கும் தஸ்கனி மாநிலத்தின் நிலம் பல நூற்றாண்டுகள் வாரச் சாகுபடியில், அதாவது விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையில் இருந்தது. நிலமும் வீடும் உடைமையாளருடையவை, உழைப்பு குடியானவருடையது, விளைச்சலில் ஏறக்குறைய பாதிப் பாதி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் குடும்பங்கள் தொழிற்சாலை வேலை தேடி நகரங்களுக்குப் போயின. 1964-இல் வந்த சட்டம் புதிய வாரச் சாகுபடி ஒப்பந்தங்களுக்குத் தடை விதித்தது. காலியாகக் கிடந்த அந்தக் குடியானவர் வீடுகளில் பலவற்றைத்தான் இன்று விடுதிகளாகப் பார்க்கிறோம். அவற்றின் கீழ்த்தளம் மாட்டுத் தொழுவம். மேல்தளம் மனிதர் வாழ்ந்த இடம். மேலே ஏறுவதற்குச் சுவரின் வெளிப்புறத்தை ஒட்டிக் கற்படிகள் இருக்கும். அந்தப் படிகள் உயரமானவை. நடுவில் தேய்ந்து குழிந்தவை. பல வீடுகளில் ஒரு பக்கம் மட்டுமே பிடிமானம் உண்டு. மழை பெய்தால் வழுக்கும். ஆகவே தொழுவமாக இருந்து அறையாக மாறிய கீழ்த்தளத்தையே உங்கள் தாயாருக்குக் கேளுங்கள். கனத்த கற்சுவர்களால் அது பகலில் குளிர்ச்சியாகவும் இருக்கும். 'தரைத்தள அறை' என்று மட்டும் கேட்டால் போதாது. கார் நிறுத்துமிடத்திலிருந்து அறைக்குள் நுழையும் வரை எத்தனை படிகள், குளியலறையில் தொட்டியின் விளிம்பைத் தாண்டி ஏறிக் குளிக்க வேண்டுமா, தரைமட்டத்திலேயே ஷவர் இருக்கிறதா என்று கேட்டு, அந்த அறையின் வாசலையும் குளியலறையையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பண்ணையை நடத்தும் குடும்பங்களில் பலர் எளிய ஆங்கிலத்தில் பதில் எழுதுவார்கள். வாட்ஸ்அப்பும் அங்கே பரவலாகப் புழங்குகிறது. இவ்வளவு கேட்பது அவர்களுக்குத் தொந்தரவாக இருக்குமோ என்று தயங்க வேண்டாம். முதியவர் வருகிறார் என்று தெரிந்தால் அறையை மாற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. வந்து இறங்கிய பின் அது முடியாமல் போகலாம்.

எந்தத் திசையில் தங்குவது என்பது அடுத்தது. சியேனாவுக்கு வடக்கே புளோரன்ஸ் வரை நீளும் கியாந்தி பகுதி திராட்சைத் தோட்டமும் காடும் கலந்தது. செப்டம்பர் கடைசி வாரம் அங்கே சாஞ்சொவேசே திராட்சையின் அறுவடைக் காலம். பெட்டி பெட்டியாகக் குலைகள் வந்து இறங்குவதை உங்கள் மகள் நேரில் பார்க்கலாம். தென்கிழக்கே அஷானோ ஊரைச் சுற்றியுள்ள களிமண் குன்றுகள்தான் பெரும்பாலான விளம்பரப் படங்களில் பச்சைப் பசேலென அலையலையாகத் தெரிபவை. அந்தப் பச்சை கோதுமைப் பயிரின் பச்சை. ஏப்ரல், மே மாதங்களுக்கு உரியது. கோடையில் அறுவடை முடிந்து, நீங்கள் போகும் நேரத்தில் உழுது போட்ட மண் சாம்பலும் பழுப்புமாகக் கிடக்கும். அதற்கும் ஓர் அழகு உண்டென்றாலும், பச்சையை எதிர்பார்த்துப் பணம் கட்டியவர்கள் மனம் வாடியதைக் கண்டிருக்கிறேன். உங்களுக்கு நான் பரிந்துரைப்பது நகரின் வடமேற்கே மோன்தெரிஜோனி, மேற்கே சொவிசில்லே ஆகிய ஊர்களை ஒட்டிய பகுதி. நகரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டருக்குள் இருப்பதால் பிற்பகலில் அம்மாவை அறைக்கு அழைத்து வந்து ஓய்வெடுக்க வைத்துவிட்டு மாலையில் மறுபடியும் போகலாம். கியாந்திக்குள் தங்கினால் தொலைவு குறைவாகத் தெரிந்தாலும் சாலை வளைந்து வளைந்து போகும். பயணத்தில் குமட்டல் வருபவர்களுக்கு அது சிரமம்.

கார் இல்லாமல் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். புளோரன்ஸிலிருந்து சியேனா நகருக்கு மட்டும் என்றால் கார் தேவையே இல்லை. விரைவுப் பேருந்து ஒன்றேகால் மணி நேரத்தில், ரயில் ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். சிக்கல் நகருக்கும் பண்ணைக்கும் இடையில்தான். கிராமங்களுக்குப் பேருந்துகள் உண்டு. ஆனால் அவை எண்ணிக்கையில் குறைவு, ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் குறைவு, நிறுத்தத்திலிருந்து பண்ணை வரை நடக்கவும் வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் டாக்சியை வரவழைத்தால் நான்கு நாளில் அது கார் வாடகையைத் தாண்டிவிடும். கார் ஓட்ட விருப்பமில்லை என்றால், பண்ணை ஆசையை விட்டுவிட்டு நகர மதிலுக்கு உள்ளேயே தங்குவதே நல்லது.

ஓட்டுவதாக இருந்தால், இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அது கிடைக்கும், ஓராண்டுக்குச் செல்லும். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். வாடகைக் கார்களில் கியர் மாற்றி ஓட்டுபவையே அதிகம் என்பதால் ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். காரைப் புளோரன்ஸ் நகர மையத்தில் எடுக்காமல் விமான நிலையத்தில் எடுப்பது நலம். நகரிலிருந்து அங்கே டிராம் போகிறது. காரணம், புளோரன்ஸிலும் சியேனாவிலும் பழைய நகரப் பகுதி முழுவதும் அனுமதி பெற்ற வண்டிகளுக்கு மட்டுமே உரிய வட்டாரம். நுழைவாயிலில் சிவப்பு வளையத்துக்குள் வெள்ளை வட்டம் போட்ட பலகையும் கேமராவும் இருக்கும். அருகில் மின்பலகையில் 'வார்கோ அத்தீவோ' என்று எரிந்தால் தடை நடப்பில் இருக்கிறது என்று பொருள். தடுப்புக் கம்பி எதுவும் இருக்காது. யாரும் நிறுத்தவும் மாட்டார்கள். ஒவ்வொரு நுழைவுக்கும் தனித்தனி அபராதம்; உங்கள் விவரத்தைக் காவல் துறைக்குத் தந்ததற்கு வாடகை நிறுவனமும் கட்டணம் பிடிக்கும்; அபராதச் சீட்டு பல மாதங்கள் கழித்துக்கூட கோயம்புத்தூர் வீட்டுக்கு வந்து சேரலாம். வழிகாட்டிச் செயலி சொல்கிறதே என்று நம்பிப் பழைய நகருக்குள் வண்டியைத் திருப்ப வேண்டாம்.

புளோரன்ஸ்–சியேனா விரைவுச்சாலைக்குச் சுங்கம் கிடையாது. அதிலிருந்து இறங்கிய பின் பல பண்ணைகளுக்குப் போகும் வழி சரளைக்கல் பரப்பிய வெள்ளை மண் சாலை. பகலில் அது இனிமையானது. இருட்டிய பிறகு விளக்கே இல்லாமல், எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லாமல், காட்டுப்பன்றியும் மானும் குறுக்கே ஓடும் பாதையாக அது மாறிவிடும். அந்த வாரத்தில் அங்கே மாலை 7 மணியளவில் சூரியன் மறையும். அதனால் வரும் நாளில் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருவது முக்கியம். செயலிகள் குறுக்குவழி என்று மோசமான மண் பாதையைக் காட்டக்கூடும்; எந்தப் பக்கமிருந்து வருவது நல்லது என்று பண்ணைக்காரரையே கேட்டு, வரைபடத்தை முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கி வையுங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும்.

சியேனா மேடும் பள்ளமுமான நகரம். மூட்டு வலி உள்ளவருக்கு அதில் பெரிய உதவி நகரும் படிக்கட்டுகள். மதிலுக்கு வெளியே ஃபோந்தேபிராந்தா பக்கத்துச் சாந்தா கத்தரீனா வாகன நிறுத்தத்தில் காரை விட்டால், அங்கிருந்து நகரும் படிக்கட்டு பேராலயத்துக்கு அருகில் ஏற்றிவிடும். பேராலயத்தின் சலவைக்கல் சித்திரத் தரை ஆண்டின் பெரும்பகுதி மூடியே இருக்கும்; பெரும்பாலும் ஆகஸ்ட் நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை திறந்து காட்டுவார்கள் என்பதால் உங்கள் தேதிகள் அதற்குத் தோதானவை. காம்போ சதுக்கத்து மங்கியா கோபுரத்தில் லிஃப்ட் இல்லை. மகளை நீங்கள் அழைத்துச் செல்ல, அம்மா கீழே இருக்கட்டும். கோபுரத்தை ஒட்டிய அரண்மனையில் அம்புரோஜோ லொரன்செத்தி 1338–39-இல் தீட்டிய நல்லாட்சிச் சுவரோவியம் இருக்கிறது. நகர வாயிலைத் தாண்டி விரியும் வயல்கள், கதிரடிக்கும் குடியானவர்கள், மூட்டை ஏற்றிய கழுதைகள் என நகரையும் நாட்டுப்புறத்தையும் ஒரே சுவரில் வரைந்திருக்கிறார். பண்ணையில் இரண்டு நாள் இருந்துவிட்டு அதைப் போய்ப் பாருங்கள். அந்த வாயில் வழியே உள்ளே போகும் மூட்டைகள் எங்கிருந்து வந்தவை என்பது அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இனி உணவு. சைவம் என்ற சொல் அங்கே பலருக்கு இறைச்சி, மீன் இல்லாதது என்ற அளவில்தான் புரியும். காய்கறி சூப்பின் அடியில் இறைச்சி வேகவைத்த நீர் இருக்கலாம். ரொட்டியும் கீரையும் போட்டுச் செய்யும் ரிபொல்லீத்தாவில் சில வீடுகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். பல பாலாடைக்கட்டிகள் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளால் செய்யப்படுபவை. பார்மிஜானோ ரெஜானோ எப்போதுமே அப்படித்தான். ஆகவே இறைச்சி, மீன், முட்டை, இறைச்சி வேகவைத்த நீர், பாலாடைக்கட்டி ஆகிய ஐந்தும் வேண்டாம் என்று தனித்தனியாக எழுதிவிடுங்கள். நம்பிச் சாப்பிடக்கூடிய நல்ல உணவும் அங்கே உண்டு. சியேனா வட்டாரத்துப் பீச்சி என்னும் தடித்த கையுருட்டுப் பாஸ்தா வழக்கமாக மாவும் நீரும் கலந்து செய்வது, முட்டை இருக்காது. அதைத் தக்காளியும் பூண்டும் சேர்த்துப் பரிமாறுவார்கள். தக்காளி–ரொட்டிக் கூழும், வெள்ளை பீன்ஸை ஆலிவ் எண்ணெயில் தருவதும் அம்மாவுக்கு ஒத்துப்போகும். ரொட்டியில் உப்பே இருக்காது. அந்த ஊர் வழக்கம் அது.

ஆனாலும் நான்கு இரவும் இதையே நம்பியிருக்காமல், சமையலறை உள்ள தனி வீடாகப் பதிவு செய்யுங்கள். பல அக்ரிதுரிஸ்மோக்களில் அத்தகைய வீடுகள்தான் அதிகம். இரண்டு இரவு பண்ணைக்காரர் சமைப்பதைச் சாப்பிட்டு, இரண்டு இரவு நீங்களே சமைத்துக்கொள்ளலாம். அரிசி, பயறு வகைகள், தயிர் எல்லாம் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். ஊரிலிருந்து ரசப்பொடி, பருப்புப்பொடி எடுத்துச் செல்லலாம். நெய், பால்கோவா உள்ளிட்ட பால் பொருள்களையும் பச்சைக் கறிவேப்பிலையையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை இருப்பதால் பெட்டியில் வைக்காதீர்கள். இன்னொன்று, இத்தாலிய வீடுகளில் வழக்கமான மின் இணைப்பு 3 கிலோவாட்தான். ரைஸ் குக்கர், கெட்டில், முடி உலர்த்தும் கருவி மூன்றையும் ஒன்றாகப் போட்டால் வீடே இருண்டுவிடும். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேட்டுவையுங்கள்.

பண்ணை உழைக்கும் இடம் என்பதால் காலையில் டிராக்டர் சத்தம் கேட்கும். செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு முதல் வேட்டைக் காலம் என்பதால் விடியலில் தொலைவில் துப்பாக்கிச் சத்தமும் கேட்கலாம். அம்மா பதறாமலிருக்க முன்பே சொல்லி வையுங்கள்.

பணம் கட்டும் முன், விளம்பரத்தில் தேசிய அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஜனவரி முதல் தங்குமிடங்கள் அதை வெளியிட வேண்டும். கேட்டும் தராதவர்களுக்கு முன்பணம் அனுப்ப வேண்டாம். ஷெங்கன் விசாவுக்கு நால்வர் பெயரும் உள்ள உறுதிக் கடிதம் தேவை. விசா வரும் வரை இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்யுங்கள். போனதும் பாஸ்போர்ட் கேட்பார்கள். விருந்தினர் விவரத்தைக் காவல் துறைக்குத் தெரிவிப்பது அவர்களின் சட்டக் கடமை. வாடகையில் சேராத தங்கல் வரி தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று உண்டு. பெரும்பாலும் அங்கேயே கட்ட வேண்டியிருக்கும், பல ஊர்களில் சிறுவர்களுக்கு விலக்கு. வந்து சேரும் நேரத்தை முன்பே எழுதி, புளோரன்ஸை விட்டுக் கிளம்பும்போது மறுபடியும் ஒரு செய்தி அனுப்புங்கள். அறுவடை வாரத்தில் சாவி தர வேண்டியவர் தோட்டத்தில் இருப்பார்.